இறுகிப்போன போல்ட்டும் பீங்கான் கோப்பையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் தரையில் பதித்த வெஸ்டர்ன் கழிப்பறைக் கோப்பை இருக்கிறது. அதன் சீட் விரிசல் விட்டுவிட்டதால் புதியது வாங்கி வைத்துள்ளோம். பழைய சீட்டின் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று கழன்றுவிட்டது; சுவரோரமாக இருக்கும் மற்றொன்று அசையவே இல்லை. அங்கே கையை நுழைப்பதே சிரமமாக இருக்கிறது. வந்து பார்த்த பிளம்பர் சுத்தியலால் தட்டிக் கழற்றிவிடலாம் என்றார். கோப்பை உடைந்துவிடும் என்று அஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். போர்வெல் தண்ணீர்தான் வருகிறது. வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றிக் கழுவுகிறோம். இந்தப் போல்ட்டை எப்படிக் கழற்றுவது?
– வாசகி, தாம்பரம்

பதில்: சுத்தியலைத் தடுத்தது மிகச் சரியான முடிவு. கழிப்பறைக் கோப்பை என்பது ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்ட பீங்கான். மேலிருந்து சீராக அழுத்தும் பாரத்தை அது எளிதாகத் தாங்கும். வளைக்கும் விசையையும், ஓரிடத்தில் திடீரென விழும் அடியையும் தாங்காது. போல்ட் நுழையும் இரண்டு துளைகளும் கோப்பையின் பின்புற விளிம்பில் இருப்பதால், அங்கே விழும் அடி கோப்பையை உடனே உடைக்காவிட்டாலும், துளையிலிருந்து தொடங்கும் மயிரிழை விரிசலை உண்டாக்கிவிடக்கூடும். பிறகு ஒருநாள் ஒருவர் முழு எடையுடன் அமரும்போது அந்த விரிசல் பிளந்தால், உடைந்த பீங்கானின் விளிம்பு மிக ஆழமான வெட்டுக்காயத்தை ஏற்படுத்தும். தரையில் பதித்த கோப்பையை மாற்றுவதென்றால், அடிப்பகுதியின் சிமென்ட்டை உடைத்து, சுற்றியுள்ள டைல்ஸைப் பெயர்த்து, கழிவுக் குழாயுடன் மறுபடியும் இணைக்க வேண்டும்.

ஆகவே, இந்த வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் உறுதியாக நிறுத்திக்கொள்ளுங்கள்: பழைய போல்ட்டையோ நட்டையோ கீலையோ காப்பாற்ற வேண்டிய தேவை சிறிதும் இல்லை. புதிய சீட்டுடன் புதிய போல்ட், நட், வாஷர் எல்லாமே வந்துவிடுகின்றன. பழையதை அறுத்தோ துளையிட்டோ அழித்துவிடலாம். கோப்பைக்கு மட்டும் ஒரு கீறலும் விழக்கூடாது. கழற்றியே தீருவேன் என்று ஸ்பேனரோடு மல்லுக்கட்டும்போதுதான் பெரும்பாலான கோப்பைகள் உடைகின்றன.

போல்ட் ஏன் இப்படி இறுகுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது என்பது தெளிவாகும். விலை குறைந்த சீட்டுகளில் வரும் போல்ட், துத்தநாகப் பூச்சோ குரோமியப் பூச்சோ பூசிய இரும்பாகவே பெரும்பாலும் இருக்கும். கழுவும் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடையில் விற்கும் கழிப்பறைத் துப்புரவுத் திரவங்கள் பலவற்றிலும் முக்கியச் சரக்கு அதுவே. அமிலம் போல்ட்டின் மீது நேரடியாகப் படாவிட்டாலும், கோப்பையிலிருந்து எழும் அதன் ஆவி மூடிய சீட்டின் அடியில் தங்கி, பூச்சை அரித்து, உள்ளிருக்கும் இரும்பைத் தின்னத் தொடங்கிவிடுகிறது. நம் வீடுகளில் ஹெல்த் ஃபாசெட்டின் தண்ணீர் நாள்தோறும் பின்விளிம்பில் தெறித்துத் துளை வழியே இறங்குவதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுவதால், போல்ட்டின் மரைகளுக்கும் நட்டின் மரைகளுக்கும் நடுவே இருந்த மெல்லிய இடைவெளியைத் துரு முற்றிலும் அடைத்துவிடுகிறது. போர்வெல் தண்ணீரின் உப்பு அதன் மேல் வெள்ளைப் படிவமாக உறைந்துவிடுகிறது.

முதல் வேலையாக, ஒரு கண்ணாடித் துண்டையும் கைபேசி விளக்கையும் கொண்டு நட்டை அடியிலிருந்து நன்றாகப் பாருங்கள். அது பிளாஸ்டிக் இறக்கை நட்டாக இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வினிகரில் நனைத்த துணியைச் சில மணி நேரம் சுற்றி வைத்தால் உப்புப் படிவம் இளகிவிடும், அப்படியும் கழலாவிட்டால் பிளாஸ்டிக்கை அறுப்பது எளிது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அது இரும்பு நட்டாகவே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அப்படியானால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உப்பையும் தளர்ந்த துருவையும் தேய்த்து உதிர்த்து, துணியால் ஈரத்தை முழுவதும் ஒற்றி எடுத்த பிறகு, துருவை ஊடுருவும் எண்ணெயைப் பயன்படுத்துங்கள். வன்பொருள் கடைகளில் எளிதில் கிடைக்கும் டபிள்யூ.டி-40 ஓரளவு உதவும். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உருவாக்கப்பட்ட அந்தத் திரவத்தின் முதல் நோக்கம் உலோகப் பரப்பிலிருந்து நீரை விலக்கித் துருவைத் தடுப்பதே ஆகும். ஆகவே, துருவேறிய மரைகளுக்குள் இறங்குவதற்கென்றே தயாரிக்கப்படும் பெனட்ரேட்டிங் ஆயில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. அது தடித்தது, நுண்ணிய இடைவெளிக்குள் ஏறாது.

எண்ணெயை விடும் முறைதான் இங்கே முக்கியம். நட் கோப்பையின் அடியில் இருப்பதால், தெளித்த எண்ணெய் மரைக்குள் போகாமல் தரையில் சொட்டிவிடும். ஒரு தடவை தெளித்து உடனே ஸ்பேனரைப் போடுகிறவர்களுக்குப் பலன் கிடைக்காததற்கு இதுவே காரணம். ஒரு சிறு துணியையோ பஞ்சையோ எண்ணெயில் நன்றாக நனைத்து நட்டைச் சுற்றிப் பொதிந்து, அதன் மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி நூலால் கட்டி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். மேல்புறத்தில் போல்ட்டின் தலையைச் சுற்றியும் சில சொட்டுகள் விடலாம். தரையில் பழைய செய்தித்தாளை விரிப்பதும், வேலை முடிந்தபின் சோப்புத் தண்ணீரால் கழுவுவதும் கட்டாயம். எண்ணெய் படிந்த டைல்ஸில் வழுக்கி விழுந்தால் ஏற்படும் துன்பம் உடைந்த சீட்டைவிடப் பெரிது.

அடுத்தது, கை எட்டாத இடத்தைப் பற்றியது. சாதாரண ஸ்பேனரைச் சுவரோரத்தில் திருப்புவதற்கு இடம் இருக்காது. நட்டுக்கு அடியில் போல்ட்டின் முனை நீளமாகத் துருத்திக்கொண்டிருப்பதால், குட்டையான பாக்ஸ் ஸ்பேனரும் நட்டைத் தொடாமல் போல்ட்டின் முனையிலேயே முட்டி நின்றுவிடும். இதற்கு ஏற்றது, உள்ளே ஆழமான நீள பாக்ஸ் ஸ்பேனரோ, குழாய் வடிவில் இருக்கும் டியூப் ஸ்பேனரோ ஆகும். இருசக்கர வாகன மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவது இந்த வகையால்தான். 8 மி.மீ. போல்ட்டின் நட்டுக்குப் பொதுவாக 13 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். துருவேறிய நட்டின் முனைகள் தேய்ந்திருக்கலாம் என்பதால், ஆறு முனை கொண்ட ஸ்பேனரையே வாங்குங்கள். பன்னிரண்டு முனை கொண்டது வழுக்கி, மிச்சமிருக்கும் முனைகளையும் தேய்த்துவிடும்.

ஸ்பேனரைத் திருப்பும்போது, போல்ட்டின் தலையை மேலிருந்து வேறொருவர் ஸ்க்ரூ டிரைவராலோ, பற்றியபடியே பூட்டிக்கொள்ளும் குறடான லாக்கிங் பிளேயராலோ அசையாமல் பிடித்திருக்க வேண்டும். ஒரு கை கொடுக்கும் இயல்பான விசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிடிக்கு நீளம் சேர்ப்பதற்காக ஸ்பேனரின் மேல் குழாயைச் செருகவே கூடாது. இறுகிய நட்டை முதலில் சற்றே இறுக்கி, பிறகு தளர்த்துவது இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களின் வழக்கம். இரும்பில் அது பலிக்கும், பீங்கானில் ஆபத்து. மெழுகுவர்த்தி, ஹீட் கன், கொதிநீர் ஆகியவற்றால் சூடேற்றுவதும் வேண்டாம். ஓரிடம் மட்டும் சூடாகி விரிவதால் பீங்கான் வெடிக்கக்கூடும். துருவைக் கரைக்கிறேன் என்று நட்டின் மேல் ஆசிட் ஊற்றுவதையும் தவிர்த்துவிடுங்கள். குறிப்பாக, ஆசிட் மிச்சமிருக்கும் இடத்தில் ப்ளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு வெளியாகும். காற்றோட்டம் குறைந்த சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்தானது.

இவ்வளவு செய்தும் அசையாவிட்டால் தயங்காமல் போல்ட்டை அறுத்துவிடுங்கள். என் கருத்தில், இரண்டாவது நாளும் ஸ்பேனரோடு போராடுவதைவிட அறுப்பதே பாதுகாப்பானது. கீலின் ஊசியை உருவிச் சீட்டையும் மூடியையும் முதலில் அகற்றிவிட்டால், கீலின் பாதமும் போல்ட்டும் மட்டும் எஞ்சி, கை வைக்க இடம் கிடைக்கும். ஹேக்ஸாவின் சட்டத்தை விட்டுவிட்டு பிளேடை மட்டும் எடுத்து, ஒரு முனையில் தடித்த துணியைச் சுற்றிப் பிடியாக்கிக்கொள்ளுங்கள். அங்குலத்திற்கு 24 அல்லது 32 பற்கள் உள்ள பிளேடு ஏற்றது. கோப்பையின் மேல் பழைய எக்ஸ்ரே பிலிமையோ மெல்லிய பிளாஸ்டிக் தகட்டையோ துளையைச் சுற்றி ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, கீலின் பாதத்திற்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவே பிளேடை நுழைத்து, போல்ட்டின் தண்டை நிதானமாக அறுக்க வேண்டும். பிளேடை அழுத்தி வளைக்கக் கூடாது. பற்களின் வேலையை அவற்றிடமே விட்டுவிடுங்கள். இடையிடையே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பிளேடு சூடாகாது. தண்டு அறுந்ததும் நட்டோடு சேர்ந்து கீழ்ப்பகுதி தானே விழுந்துவிடும். பிளேடு பட்டுப் பீங்கானில் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் அது கீறல் அல்ல, பீங்கானின் மேல் ஒட்டிய இரும்பு, தேய்த்தால் போய்விடும்.

பிளேடு நுழையவே இடமில்லாதபோது டிரில் பயன்படும். போல்ட்டின் தலையின் நடுவில் முதலில் 3 மி.மீ. பிட்டாலும், பிறகு 6 மி.மீ. பிட்டாலும், கடைசியாகப் போல்ட்டின் தண்டுக்குச் சமமான 8 மி.மீ. பிட்டாலும் துளையிட்டால் தலை தனியே கழன்று வந்துவிடும். அந்த நொடியே டிரில்லை நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் சுவரில் துளையிட வாங்கிய ஹேமர் டிரில்தான் பெரும்பாலும் இருக்கும் என்பதால், அதன் ஹேமர் இயக்கத்தை நிறுத்திச் சாதாரணச் சுழற்சியில் வைத்திருக்கிறோமா என்பதை இருமுறை சரிபாருங்கள். நடுப்புள்ளியைக் குறிப்பதற்காக ஆணியை வைத்துத் தட்டுவதும் சுத்தியல் அடிதான். அதற்குப் பதிலாக பிட்டைக் கையாலேயே சுழற்றிச் சிறு குழி உண்டாக்கிக்கொள்ளலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். தரை ஈரமின்றி இருக்க வேண்டும். பேட்டரியால் இயங்கும் டிரில் கிடைத்தால் மிக நல்லது, மின் இணைப்பில் இயங்குவதானால் வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். ஆங்கிள் கிரைண்டரை மட்டும் அருகில் கொண்டுவர வேண்டாம்; அதன் தீப்பொறிகள் பீங்கானின் மெருகில் ஒட்டி நீங்காத புள்ளிகளாகிவிடும், வட்டு சற்று நழுவினாலும் கோப்பை பாழாகிவிடும்.

கேள்வி: நட்டைத் திருப்பத் திருப்ப, போல்ட்டும் சேர்ந்து சுழல்கிறது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதிலும் குழப்பமாக இருக்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தரையில் படுத்து நட்டை அடியிலிருந்து நேராகப் பார்க்கும் நிலையில், கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் தளரும். கோப்பையின் மேலிருந்து குனிந்துகொண்டு, கையை மட்டும் அடியில் விட்டுத் திருப்புகிறவருக்கு அதே திசை கடிகாரத் திசையாகத் தோன்றும். இந்தக் குழப்பத்தால் பலர் இறுக்கும் பக்கமே திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

போல்ட் சேர்ந்து சுழல்வதற்குக் காரணம், அதன் தலையைப் பற்றியிருந்த பிளாஸ்டிக் பள்ளம் தேய்ந்துவிட்டதுதான். கீலின் பாதத்திற்கும் கோப்பைக்கும் நடுவே மெல்லிய மரச் செதில் ஒன்றை விரலால் அழுத்திச் செருகினால், போல்ட் மேல்நோக்கி இழுபட்டு, தலை அழுத்தமாகப் பதிந்து சுழல்வது நின்றுவிடக்கூடும். செதிலை அடித்து இறக்கக் கூடாது. அப்போதும் சுழன்றால், முந்தைய பதிலில் சொன்னபடி அறுத்துவிடுவதே வழி. சுழலும் போல்ட்டை மேலே லாக்கிங் பிளேயரால் பற்றிக்கொண்டு அறுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் சுவரில் தொங்கும் வகைக் கோப்பை. சீட்டின் போல்ட்டுகளுக்கு அடியில் நட்டே கண்ணில் படவில்லை. பீங்கான் முழுவதுமாக மூடியிருக்கிறது. சீட் ஆடுகிறது. இதை எப்படிக் கழற்றுவது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இந்த வகையில் எல்லா வேலையும் மேலிருந்தே நடைபெறும்படி அமைத்திருக்கிறார்கள். சீட்டின் பின்புறத்தில், கீலுக்கு அருகே, ஒன்றோ இரண்டோ சிறிய பட்டன்கள் இருக்கின்றனவா என்று முதலில் தடவிப் பாருங்கள். மெதுவாக மூடும் சீட்டுகள் பலவற்றில், பட்டனை அழுத்தியபடி தூக்கினால் சீட் முழுவதும் கையோடு வந்துவிடும். கீழே போல்ட்டின் தலை தெரியும். பட்டன் இல்லையென்றால், கீலின் மேலுள்ள சிறு மூடியைத் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தால் தலை தெரியும். இதைக் கவனிக்காமல் சீட்டைப் பிடித்து முறுக்கி, கீலை உடைத்துவிடுகிறவர்கள் அதிகம்.

உள்ளே நட்டுக்குப் பதிலாக ரப்பரால் அல்லது பிளாஸ்டிக்கால் ஆன ஒரு உறை இருக்கும். போல்ட்டை இறுக்கும்போது அந்த உறை குறுகிப் பருத்துத் துளையின் சுவரையும் அடிப்பகுதியையும் பற்றிக்கொள்கிறது. தளர்த்தினால் பழைய வடிவத்திற்குத் திரும்பி, துளை வழியே மேலே வந்துவிட வேண்டும். ஆண்டுகள் பல ஆனபின் ரப்பர் கெட்டிப்பட்டுப் பருத்த வடிவத்திலேயே நின்றுவிடுவதும், பிடி விட்டுப்போய் போல்ட்டோடு சேர்ந்து சுழல்வதும் உண்டு. சுழன்றால், கீலின் பாதத்தை ஒரு கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்தபடி மறு கையால் போல்ட்டை எதிர்த்திசையில் திருப்புங்கள். மேல்நோக்கிய இழுப்பில் உறை பீங்கானின் அடியில் அழுந்தி நின்றுவிடும், போல்ட் மட்டும் கழலும். அதற்கும் இணங்காவிட்டால் தலையை டிரில்லால் நீக்கிவிடலாம். அப்போது உறையும் தண்டும் கோப்பையின் உட்குழிவில் விழ நேரிடும். பெரும்பாலான அமைப்புகளில் அந்தக் குழிவு நீர் செல்லும் பாதையோடு தொடர்பில்லாதது என்றாலும், துளையில் கைபேசி விளக்கை அடித்துப் பார்த்து, உள்ளே தண்ணீர்ப் பாதை இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே டிரில்லை எடுங்கள். தலையை நீக்குமுன் உறையைச் சுற்றி மெல்லிய கம்பி வளையத்தை இறக்கிப் பிடித்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

புதிய சீட் வாங்கும்போது, மேலிருந்து பொருத்தும் வகைதான் வேண்டும் என்று கடையில் தெளிவாகச் சொல்லுங்கள். சாதாரண நட் கொண்ட சீட்டை வாங்கி வந்தால் அதை இந்தக் கோப்பையில் பொருத்தவே முடியாது.

கேள்வி: புதிய சீட் வாங்கிப் பொருத்தினோம். சில வாரங்களிலேயே பக்கவாட்டில் ஆடத் தொடங்கிவிட்டது. வயதான என் தாயார் பயன்படுத்துவதால் கவலையாக இருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் மறுபடி தளர்ந்துவிடுகிறது. மறுபடியும் துருப்பிடித்து இறுகிவிடாமல் இருக்கவும் வழி சொல்லுங்கள்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கவலை நியாயமானது. முதியவர் அமரும்போது சீட் ஓர் அங்குலம் நழுவினாலும் அவர் நிலை தடுமாறி விழக்கூடும். ஆகவே சரிசெய்யும் வரை அவரைத் தனியே பயன்படுத்த விட வேண்டாம்.

ஆட்டத்திற்குக் காரணம் இறுக்கம் போதாமை என்று நினைத்து மேலும் மேலும் இறுக்குவது தவறான வழி. கோப்பையின் துளை ஏறத்தாழ 13 முதல் 15 மி.மீ. வரை அகலமானது, அதில் நுழையும் போல்ட் 8 மி.மீ. அளவுடையது. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே கூம்பு வடிவ ரப்பர் வாஷரோ பிளாஸ்டிக் உறையோ கொடுக்கப்படுகிறது. பொருத்துகிறவர் அதைத் தேவையற்றதென்று ஒதுக்கிவிட்டாலோ, கூம்பின் குறுகிய முனையைத் துளைக்குள் செலுத்தாமல் தலைகீழாக மாட்டிவிட்டாலோ, போல்ட் துளைக்குள் அலைந்துகொண்டே இருக்கும். முதலில் அதைச் சரிபாருங்கள். பிறகு சீட்டின் அடியில் உள்ள ரப்பர் குமிழ்கள் எல்லாமே கோப்பையின் விளிம்பில் உட்காருகின்றனவா என்று பாருங்கள். ஒரு குமிழ் விழுந்திருந்தாலும், கோப்பையின் வடிவத்திற்குச் சீட் பொருந்தாவிட்டாலும், அமர்பவரின் எடை விளிம்புக்குப் போகாமல் கீலுக்கும் போல்ட்டுக்கும் போய்விடுகிறது. எந்த நட்டும் அதை நெடுநாள் தாங்காது.

பொருத்தமான சீட்டுக்கு மூன்று அளவுகள் போதும்: இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம், அந்த மையக்கோட்டிலிருந்து கோப்பையின் முன்விளிம்பு வரை உள்ள நீளம், கோப்பையின் மிக அகன்ற இடத்தின் அகலம். துளைகளின் இடைவெளி அமெரிக்க வழக்கில் ஐந்தரை அங்குலம், அதாவது 140 மி.மீ.; ஐரோப்பிய வழக்கில் பெரும்பாலும் 155 மி.மீ. நம் நாட்டுக் கடைகளில் பல வடிவங்கள் கலந்து கிடைப்பதால், கோப்பையின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, விளிம்பையும் துளைகளையும் பென்சிலால் வரைந்து கடைக்கு எடுத்துச் செல்வதே நான் பரிந்துரைக்கும் முறை. முன்பக்கம் வட்டமா, நீள்வட்டமா, சதுரமா என்பதில் ஏற்படும் குழப்பமும் இதனால் நீங்கிவிடும்.

துருவைப் பொறுத்தவரை, கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். போல்ட்டில் அது வலுவாக ஒட்டினால், மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் பூச்சுப் பூசிய இரும்பாகவே இருக்கும். ஒட்டாவிட்டால் உடனே உயர்தரம் என்று நம்பிவிட முடியாது, ஏனெனில் நிக்கல் குறைந்த மலிவு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகளிலும் காந்தம் ஒட்டாது. 304 என்னும் தரத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. 316 தரத்தில் மாலிப்டினமும் சேர்வதால் உப்பு நீரை அது இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இவை இரண்டுமே நெடுநாள் தாங்கமாட்டா. ஆசிட் ஊற்றியே ஆக வேண்டுமானால், சீட்டையும் மூடியையும் திறந்து வைத்து, சிறிது நேரத்திலேயே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, பின்விளிம்பைத் துடைத்துவிட வேண்டும். அன்றாடம் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும் என்பதே என் உறுதியான கருத்து. எடை குறைந்தவர்கள் பயன்படுத்தும் கழிப்பறையில் தரமான நைலான் போல்ட்டும் நல்ல தேர்வுதான். அது துருப்பிடிப்பதே இல்லை, என்றேனும் அறுக்க நேர்ந்தாலும் எளிதில் அறுபடும்.

மறுபடியும் பொருத்தும்போது மரைகளில் சிலிக்கான் கிரீஸைத் தடவுங்கள். பெட்ரோலிய ஜெல்லியையோ வண்டிக்குப் போடும் கிரீஸையோ பயன்படுத்தினால், அருகிலுள்ள ரப்பர் வாஷர் ஊறிப் பருத்துத் தன் பிடியை இழந்துவிடும். நட்டைக் கையால் முடிந்தவரை திருகி, அதன்பின் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். புதிய ரப்பர் வாஷர்கள் முதல் சில நாட்களில் சற்று அமுங்கித் தளர்வது இயல்பு என்பதால், ஒரு வாரம் கழித்து ஒருமுறை சரிபார்த்து மறுபடி இறுக்கினால் போதும்.

தாயார் எழும்போது சீட்டின் ஓரத்தைப் பிடித்து ஊன்றுகிறாரா என்பதையும் கவனியுங்கள். அந்தப் பக்கவாட்டு விசையே போல்ட்டுகளை மறுபடி மறுபடி தளர்த்திக்கொண்டிருக்கலாம். அவர் கை எட்டும் இடத்தில், பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியைப் பொருத்துங்கள். அதன் திருகுகள் டைல்ஸோடு நின்றுவிடாமல் உள்ளிருக்கும் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்.